முப்பது எண்ணும்வரை

நான்காவது தடவையும் நின்றுபோயிற்று, இந்த முறை எண்பத்தெட்டு சதவீதத்தில். மூத்தவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. திரையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீலப் பட்டை அசையாமல் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய், 'பதிவிறக்கம் தோல்வி' என்று இரண்டே சொல் வந்தது. மணி ஒன்று ஐம்பது.

"எவ்வளவு வந்திருக்கு?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"போச்சும்மா. மறுபடி முதல்லேர்ந்து."

"வெண்ணெய் திரண்டு வர்றப்போ தாழி உடைஞ்ச கதைதான் தினமும்," என்று சொல்லிக்கொண்டே அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து நின்றாள். தினமும் இல்லை, இன்றைக்கு மட்டும்தான். ஆனால் காலை ஏழரைக்கு ஆரம்பித்த இந்த ஒரு நாள் அம்மாவுக்கு ஒரு மாதம்போல ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அப்பாவின் நெஞ்சை இதற்கு முன் இரண்டு முறை திறந்து மூடியிருந்தார்கள். மூன்றாவது முறை திறக்க உள்ளூர் டாக்டர்கள் யாரும் துணியவில்லை. ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் ஒரு பெரிய டாக்டர் மட்டும், பழைய ஸ்கேன் படங்களை முழுசாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரிடம் ஆபரேஷனுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. தம்பி அந்த ஊருக்கே போய் அவர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தான். படங்கள் பழைய ஆஸ்பத்திரியில் இருந்தன. அவர்கள் ஒரு சுட்டி அனுப்பியிருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணியோடு அது மூடிவிடும். அப்புறம் புதிதாக எழுதிக் கொடுத்து இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அப்பாவுக்கு இரண்டு நாள் இருக்கிறதா என்று கேட்டதற்கு உள்ளூர் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படம் போய்ச் சேர்ந்து, பெரிய டாக்டர் சரி என்று தலையாட்டினால் போதும். சாயங்காலமே அப்பாவை ஆம்புலன்சில் ஏற்றிவிடலாம்.

ஊர் பூராவும் இப்படி நின்றுபோகிற பதிவிறக்கங்களைச் சரிசெய்து கொடுப்பதுதான் மூத்தவளின் பிழைப்பு. ஓர் இணைய நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் பதினோரு வருடமாகக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "பெட்டியை அணைச்சு, முப்பது வரைக்கும் எண்ணிட்டு, திரும்பப் போடுங்க" என்பதைத் தூக்கத்தில்கூடச் சொல்வாள் என்று தம்பி கேலி செய்வான். ஊருக்கெல்லாம் வழி சொன்னவளுக்குத் தன் வீட்டில் வழி தெரியவில்லை.

தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாயிற்று. கம்ப்யூட்டரில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள், தாராளமாக இருந்தது. வைரஸ் காவலை நிறுத்திப் பார்த்தாள். வேறு பிரவுசரில் போட்டாள். காற்றில் வருகிற வைஃபையை நம்பாமல், அப்பாவின் அறையில் இருக்கும் மோடத்திலிருந்து கூடம் வரை வயரை இழுத்து நேராகச் சொருகினாள். அந்த ஆஸ்பத்திரியின் தளமோ, விட்ட இடத்திலிருந்து தொடர விடாத பிடிவாதக்காரத் தளம். ஒரு தடவை அறுந்தால் பூச்சியத்திலிருந்துதான் ஏற வேண்டும். கைப்பேசியில் இறக்கலாம் என்று மாடிக்குப் போனாள், மழையில் அது இரண்டு சதவீதத்தைத் தாண்டவில்லை. சுட்டியைத் தம்பிக்கும் அனுப்பிப் பார்த்தாள், அங்கேயும் அதே மழை, அவன் கைப்பேசியில் ஒன்றுகூட ஏறவில்லை. கீழ்வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தார்கள்.

அம்மாவுக்குக் கோப்பும் தெரியாது, சுட்டியும் தெரியாது. ஏறுகிற எண் மட்டும்தான் தெரியும். காய்ச்சல் அளக்கிறவள்போலப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வந்து கேட்பாள், அதை அப்படியே கொண்டுபோய் அப்பாவிடம் சொல்வாள். "அம்பது வந்துடுச்சாம். இன்னும் பாதிதான்." "எண்பத்தொண்ணு வந்துடுச்சாம், கேட்டீங்களா?" அப்பா கேட்டுக்கொண்டதற்கு அடையாளமாகக் கண்ணை மூடித் திறப்பார். அம்மா அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பிப் போவாள்.

அப்பா முப்பத்து நான்கு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது, லிப்ட்காரர் என்றால்தான் தெரியும். அவர் வேலையில் ஒரே ஒரு பாடம்தான் உண்டு என்பார். லிப்ட் குழிக்குள் இறங்குவதற்கு முன் மெயின் ஃபியூசைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். காவலாளியிடம் கொடுக்கக் கூடாது, கூட வேலை செய்கிறவனிடமும் கொடுக்கக் கூடாது. "குழியில இறங்குறவன் பையிலதான் ஃபியூஸ் இருக்கணும். அடுத்தவன் எவ்வளவு நல்லவனா இருந்தாலும் மேலேர்ந்து சுவிட்சைப் போட்டுடுவான். நல்லவன்தான் அவசரப்படுவான்." இதைச் சாப்பாட்டு நேரத்தில், கல்யாண வீட்டில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது என்று நேரம் காலம் பார்க்காமல் சொல்லியிருக்கிறார். மூத்தவளும் தம்பியும் கோரஸாக முடித்து வைப்பார்கள்.

அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கவில்லை. ஏதோ ஒன்று உறுத்தியது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். ஒன்பது மணிக்கு எண்பத்தொன்று. பத்தரைக்கு எண்பத்து நான்கு. பன்னிரண்டு பத்துக்குத் தொண்ணூறு. இப்போது எண்பத்தெட்டு. மழையால் அறுகிற லைன் பத்திலும் அறும், நாற்பதிலும் அறும். இது ஒரு தடவைகூட எண்பதுக்குக் கீழே அறவில்லை.

தன் அலுவலகத்துக்கே போன் போட்டாள். அங்கே சீனியர் என்று எல்லாரும் கூப்பிடும் ஒருத்தர் உண்டு, லைனின் நாடியை அங்கிருந்தபடியே பார்த்துச் சொல்லிவிடுவார். அவர் பார்த்தார். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சிரித்தார்.

"உங்க லைன் தங்கமா இருக்குங்க. மழையில போற லைன் இழுத்துக்கிட்டு இழுத்துக்கிட்டுப் போகும். இது கத்திரியில வெட்டின மாதிரி போகுது, ஒரு நிமிஷம் கழிச்சு ஒட்டவச்ச மாதிரி வருது. நாலு தடவையும் ஒரே மாதிரி. உங்களுக்குத் தெரியாததா? கஸ்டமர் பிடுங்குறாரு."

அவளும் பழக்க தோஷத்தில் சிரித்து நன்றி சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தை உறைத்தது.

அந்த வீட்டில் கஸ்டமர் யார்? டெலிபோன் கம்பி அப்பாவின் அறை ஜன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. இடி விழுந்து கம்ப்யூட்டர் கருகிவிடக் கூடாதென்று, கம்பி நுழைகிற இடத்தில் தீப்பெட்டி அளவு வெள்ளைப் பெட்டி ஒன்றை அப்பாவே பொருத்தியிருந்தார். உள்ளே விரல்நுனி நீளத்தில் கண்ணாடி ஃபியூஸ். போன மாதம் காற்று வரட்டும் என்று கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினார்கள். அந்தப் பெட்டி இப்போது அவர் தலைமாட்டில் இருக்கிறது, கையை உயர்த்தினால் எட்டும்.

ஆரம்பத்திலேயே பிடுங்கினால் உடனே மறுபடி தொடங்கிவிடுவாள். எண்பதுக்கு மேல் ஏறவிட்டுப் பிடுங்கினால், ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணி நேரம் வீணாகும். ஐந்து மணிக்குச் சுட்டி மூடும் என்பது அவருக்குத் தெரியும். ஏறுகிற எண்ணைத்தான் அம்மா அவர் காதில் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தாளே.

இருக்காது என்று எழுந்து நடந்தாள். இருக்காது, இருக்காது. பல் தேய்க்கவே இன்னொருத்தர் கை வேண்டியிருக்கிற மனுஷன். அறை வாசலில் போய் எட்டிப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெள்ளைப் பெட்டியின் மூடி ஒரு நூல் அளவு கோணலாக இருந்தது. அப்பா எதையும் கோணலாக மூடுகிற ஆள் இல்லை.

புகார்ப் பிரிவில் முதல் நாளே ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். 'நீங்கள் பிடுங்கினீர்களா?' என்று வாடிக்கையாளரைக் கேட்கவே கூடாது. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், அப்புறம் அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் பேசுவார்கள். அவள் கேட்கவில்லை. கூடத்துக்குத் திரும்பி வந்தாள். மணி இரண்டு இருபத்தைந்துக்கு ஐந்தாவது தடவையாக இறக்கத்தைத் தொடங்கினாள். இதுதான் கடைசி. இதற்கப்புறம் இன்னொன்றுக்கு நேரம் இல்லை.

முக்கால் மணி கழித்து அம்மா வந்தாள். திரையில் முப்பத்தாறு.

"எவ்வளவு?"

"பன்னெண்டு," என்றாள் மூத்தவள்.

அம்மா போய்ச் சொன்னாள். நாலு மணிக்கு எண்பதைத் தாண்டியபோது இருபத்திரண்டு என்றாள். அம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று. "ஆமை மாதிரி போகுதே, அஞ்சுக்குள்ள வந்துடுமா?" என்று கேட்டாள். பார்க்கலாம் என்றாள் மகள். பெற்ற தாயிடம் இவ்வளவு சரளமாகப் பொய் சொல்ல முடிகிறதே என்று அவளுக்கே கூசியது. எண்பத்தைந்து. தொண்ணூறு. லைன் அறவில்லை. நாலு இருபத்தைந்துக்கு முப்பத்தொன்று என்று சொல்லி அம்மாவை அனுப்பியபோது திரையில் தொண்ணூற்று நான்கு.

தம்பி போனில் வந்தான். டாக்டர் இன்னும் அறையில்தான் இருக்கிறார், அஞ்சரை வரை இருப்பாராம், எப்படியாவது அனுப்பிவிடு அக்கா என்றான். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

இனி ஒன்றுமே செய்ய வேண்டாம். இந்த நாற்காலியில் இன்னும் ஏழெட்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அது தானாக நூறுக்குப் போகும். அனுப்பலாம். ஆம்புலன்ஸ் வரும். அப்பா பிழைத்தாலும் பிழைப்பார். அப்பா வேண்டும் என்று அவளுக்கு அப்படி இருந்தது. நாற்பத்தொரு வயதில் தன்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒருத்தர்தான் இருக்கிறார், அவர் வேண்டும்.

ஆனால் போன மாதம் நடந்த ஒன்று நினைவுக்கு வந்து தொலைத்தது. இரண்டாவது ஆபரேஷன் தழும்பில் அவள் மருந்து தடவிக்கொண்டிருந்தபோது, "இனிமே என்னைத் திறக்க விடாத பாப்பா" என்றார். அவள் அலுவலகக் குரலில், "உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம், நன்றி" என்றாள். அவரும் சிரித்தார். அவ்வளவுதான், அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. அம்மாவிடம் சொன்னபோது அம்மா அழுதாள், தம்பியிடம் சொன்னபோது அவன் கோபப்பட்டான். யாருமே பதிவு செய்துகொள்ளவில்லை.

எழுந்து அப்பாவின் அறைக்குப் போனாள். அம்மா சமையலறையில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். கட்டில் ஓரத்து முக்காலியில் உட்கார்ந்தாள். அப்பா மெல்லத் தலையைத் திருப்பினார்.

"எவ்வளவு?"

அவள் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "தொண்ணூத்தாறுப்பா."

"அம்மா முப்பத்தொண்ணுன்னு சொன்னா."

"அம்மாகிட்ட நான் அப்படிச் சொன்னேன்."

மழைச் சத்தத்துக்கு நடுவே அவர் மூச்சு இழுபட்டு இழுபட்டு வந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திருட்டைப் பிடித்துவிட்டாளே என்ற வெட்கம் ஒரு கணம் அந்த முகத்தில் வந்து போயிற்று. அதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம். அஞ்சு."

"அவன் அங்கேயேதான் உக்காந்திருக்கானா?"

"ஆமாம்."

"பாவம்," என்றார். பிறகு, "எனக்குச் சாகப் பயமில்ல பாப்பா. அந்த மேஜையில படுத்துக்கிட்டு, யாருன்னே தெரியாதவங்க நடுவுல போயிடுவேனோன்னுதான் பயம். ரெண்டு தடவை பயந்து பார்த்தாச்சு. மூணாவது தடவை முடியாது."

அவர் கை போர்வைக்கு வெளியே வந்து, சுவரைத் தடவிக்கொண்டு மேலே ஏறியது. வெள்ளைப் பெட்டியைத் தொட்டது. கட்டைவிரல் நகம் மூடியின் விளிம்பைத் தேடியது, நழுவியது. மறுபடி தேடியது, மறுபடி நழுவியது. காலையிலிருந்து நாலு தடவை திறந்து மூடிய கையில் இப்போது தெம்பில்லை. கை அப்படியே சுவரில் நின்றது. அவர் மகளைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார்.

கூடத்தில் பட்டை ஏறிக்கொண்டிருக்கும். தொண்ணூற்றேழு ஆகியிருக்கும். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலே போதும், அவள் மேல் ஒரு குற்றமும் வராது. அப்பாவின் கை இயலாமல் நடந்தது என்று ஆகிவிடும். அவரும் ஒன்றும் சொல்லமாட்டார், ஆம்புலன்சில் ஏற்றும்போதுகூடச் சொல்லமாட்டார்.

அவள் எழுந்தாள். மூடியை மட்டும் திறந்தாள்.

அப்பா இரண்டு விரலால் ஃபியூசைப் பிடுங்கினார். சட்டைப் பையைத் தேட அவர் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, முப்பத்து நான்கு வருடப் பழக்கம், கை தானாகப் போயிற்று. பையில் போட்டு, மேலே உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். அவள் மூடியை நேராக வைத்து அழுத்தினாள். அப்பா கண்ணை மூடி, அந்த நாள் முழுவதும் விடாத ஒரு நீண்ட மூச்சை விட்டார்.

கூடத்துக்கு வந்தபோது அந்த இரண்டு சொல் வந்திருந்தது. தம்பிக்குப் போன் போட்டு, லைன் ஒரேயடியாகப் போய்விட்டது என்றாள். "நீ இருந்துமா அக்கா?" என்றான் அவன். அவள் போனை வைத்தாள். அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "முப்பத்தொண்ணுலேயே போச்சா," என்றாள். "முப்பத்தொண்ணுன்னா பாதிகூட இல்லையே."

மறுநாள் காலை பத்தேகாலுக்கு அப்பா போனார். இரவு நன்றாகத் தூங்கினார், விடிந்ததும் அரை டம்ளர் பால் குடித்தார், அம்மாவைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அம்மா தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். சீப்பு பாதியில் இருக்கும்போது அம்மா நிமிர்ந்து, "என்னடி, மூச்சு விடக் காணோம்?" என்றாள். அவ்வளவு அமைதியாக நடந்தது. மூத்தவள் கடிகாரத்தைப் பார்த்தாள். படம் போயிருந்தால் ஏழு மணிக்கு மேஜையில் படுத்திருப்பார், இந்நேரம் உள்ளே எதையோ மாற்றித் தைத்துக்கொண்டிருப்பார்கள் என்று மனசு கணக்குப் போட்டது. போடாதே என்றாலும் போட்டது. சாகும்வரை அது போட்டுக்கொண்டேதான் இருக்கும் என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

பிள்ளை வந்து பார்க்கும்போது நல்ல சட்டையில் இருக்கட்டும் என்றாள் அம்மா. அம்மா தோளைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, மகள் பொத்தான்களைக் கழற்றினாள். கையை உருவும்போது பையிலிருந்து அது மெத்தையில் விழுந்தது. விரல்நுனி நீளம், இரண்டு பக்கமும் வெள்ளித் தொப்பி, நடுவில் மயிரிழைக் கம்பி. அம்மா அவர் தலையை மடியில் சாய்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் அதை எடுத்துத் தன் சுடிதார்ப் பையில் போட்டுக்கொண்டாள்.

விடிவதற்கு முன்பே கிளம்பியும், சாலையெல்லாம் தண்ணீர் நின்றதால் தம்பி வந்து சேரப் பன்னிரண்டரை ஆகிவிட்டது. நனைந்த கோழிபோல வந்தான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதாப்பா," என்று அழுதான். அவர் காதில் மட்டும் விழவேண்டியது மூத்தவள் காதில் விழுந்தது.

அழுகை அடங்கியதும் அவனுக்குச் செய்ய ஏதாவது வேண்டியிருந்தது. கடல் தாண்டி இருக்கும் அத்தைக்குக் கம்ப்யூட்டரில் அப்பா முகத்தைக் காட்ட வேண்டும் என்றான். கூடத்துக்குப் போனான், லைன் இல்லை. அறைக்குத் திரும்பி வந்து, அப்பாவின் தலைமாட்டில் மண்டியிட்டு, மோடத்தின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். எல்லா வயரும் சொருகியபடிதான் இருந்தன. விளக்குகளில் மூன்று பச்சையாகவும் ஒன்று சிவப்பாகவும் எரிந்தன.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் வரமாட்டேங்குது?" என்றான். யாரையோ அடிக்கப் போகிறவன்போல மோடத்தைப் பிடித்திருந்தான். "சொல்லுக்கா. நேத்து என்னதான் ஆச்சு இதுக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"அவளைக் கேக்காதடா. விடிஞ்சதுலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒத்தையா உக்காந்து போராடினா. உங்கப்பா நல்லா இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பாரு." அம்மா அவர் நெற்றியிலிருந்து மயிரை ஒதுக்கினாள். "அணைச்சுட்டு முப்பது எண்ணிப் பாரு. ஊருக்கெல்லாம் அவ அதைத்தானே சொல்லுவா."

அவன் சுவிட்சை அணைத்தான். சின்னப் பிள்ளையாட்டம் வாய்விட்டு எண்ணத் தொடங்கினான். ஒண்ணு, ரெண்டு, மூணு. பதினேழில் நின்று, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பதினேழிலிருந்தே தொடர்ந்தான். அறையில் அவன் எண்ணுவதைத் தவிர வேறு சத்தம் இல்லை. மூத்தவள் கட்டில் காலருகே நின்றாள். வலது கை பையில் இருந்தது. அவள் சூட்டில் கண்ணாடியும் சூடேறியிருந்தது.

முப்பது என்று சொல்லிச் சுவிட்சைப் போட்டான். ஒவ்வொரு விளக்காக வந்தது. பச்சை, பச்சை, பச்சை. கடைசி விளக்கு சற்று நேரம் யோசிப்பதுபோல இருந்துவிட்டுச் சிவந்தது.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கண் வீங்கியிருந்தது.

"இன்னொரு தடவை எண்ணட்டுமா அக்கா?"

"எண்ணு," என்றாள்.